வக்கீலை விட வேண்டிய சமயம்

நிலத் தாவா ஒன்று கோர்ட்டில் நடக்குங்கால், குடியானவருக்கு எதிர்க்கட்சியின்மேல் உள்ள கோபத்திற்கு அடுத்தபடியாகத் தம் வக்கீலின்மேல்தான் சந்தேகம் பிறக்கிறது. அச்சந்தேகம் சில சமயங்களில் நியாயமானதே. ஆயினும் நியாயமான சந்தேகத்தையும் வீண் மனத்தாங்கலையும் பிரித்தறியாமையால் வழக்கைக் கெடுத்துக்கொண்டவர் அநேகர். ஆதலின் வக்கீலை எப்பொழுது விடலாம், எம்முறையில் விட வேண்டும் என்பதை இங்கே ஆராய்வோம்.

வழக்கு நீடிக்கிறது என்பது மட்டும் போதிய காரணமாகாது. பிரதிவாதிக்குச் சம்மன் சேர்வதற்கும், கமிஷனர் நிலத்தைப் பார்வையிட்டு ரிப்போர்ட்டு அனுப்புவதற்கும் ஆகும் காலம் வக்கீலின் கையில் இல்லை. இடைக்கால மனு ஒன்று தள்ளுபடியானதும் அத்தகையதே. தாவாவில் பலமில்லை, ராஜியாவதே மேல் என்று முகத்துக்கு நேரே சொல்லும் வக்கீலையும் வெறுக்கலாகாது. வெற்றி நிச்சயம் என்பவரிடமே எச்சரிக்கை வேண்டும். கிடைக்கும் சொத்தில் பங்கு கேட்பவரிடம் அதனினும் அதிக எச்சரிக்கை வேண்டும். பலனைப் பொறுத்துப் பீஸ் பேசுவது இந்திய பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதமானது.

விட வேண்டியதற்கு அடையாளங்கள் வேறு. வாயிதாத் தேதியைச் சொல்லாமை, கொடுத்த பணத்துக்கு ரசீது தராமை, அசல் பத்திரங்கள் எங்கே உள்ளன என்று சொல்ல மாட்டாமை ஆகிய மூன்றையும் ஒரு தடவை வக்கீலையே நேரிற் கண்டு கேட்க வேண்டும். குமாஸ்தாவின் சோம்பலை வக்கீலின் துரோகமாகக் கொள்வது சரியன்று. கேட்ட பின்பும் திருந்தாவிடின் விட்டுவிடலாம். ஆனால், எழுதாத காகிதத்தில் கையொப்பம் வாங்குதல், கட்சிக்காரர் அறியாமல் ராஜி பேசுதல், எதிர்க்கட்சிக்கும் ஆலோசனை சொல்லுதல் என்னும் இவற்றுள் ஒன்று மெய்யென்று தெரிந்தாலும் தாமதிக்க வேண்டுவதில்லை. வாயிதா விஷயத்தில் சொல்வது மெய்யா என்று அறிய இக்காலத்தில் எளிய வழி உண்டு. ஒவ்வொரு வழக்கிற்கும் எழுத்தும் எண்ணுமாக 16 குறிகள் கொண்ட ஸி.என்.ஆர். அடையாளம் இருக்கிறது. அதை ஈ-கோர்ட்ஸ் சேவையில் கொடுத்தால் நடந்த வாயிதாக்களும் அடுத்த தேதியும் கைபேசியிலேயே தெரியும்.

இனி, விடும் முறை. பெருநஷ்டம் விளைவது இங்கேதான். 1 ஏக்கர் 20 சென்ட் நஞ்சை விஷயமாக ஒரு குடியானவர் முனிசீப் கோர்ட்டில் பிரதிவாதியாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். வக்கீலிடம் மனங்கசந்து, இனி அவர் வாசற்படி மிதிப்பதில்லை என்று ஊரிலேயே இருந்துவிடுகிறார். வக்கீலை விட்டுவிட்டதாக அவர் எண்ணம். கோர்ட்டின் கணக்கிலோ விடவில்லை. 1908ஆம் வருஷத்து ஸிவில் புரொஸீஜர் சட்டம், 3ஆவது ஆர்டர், 4ஆவது விதிப்படி, வழக்கு நடக்கும் காலத்தில் இருவரும் உயிருடன் இருக்கும் வரையில், கையொப்பமிட்ட எழுத்து மூலமாகக் கோர்ட்டின் அனுமதியுடன் ரத்துச் செய்தாலன்றி வக்காலத்து நீங்குவதில்லை. வாயிதா வருகிறது. கட்சிக்காரரிடமிருந்து தகவல் இல்லை என்று வக்கீல் சொல்லிவிடுகிறார். எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிறது. அமீனா வயல் வரப்பில் வந்து நிற்கும்போதுதான் குடியானவருக்குச் செய்தி எட்டுகிறது.

ஆகையால் முதலில் வேறொரு வக்கீலைப் பேசி அமர்த்திக்கொண்டே பழையவரிடம் போக வேண்டும். ஏழைகள் புது வக்கீலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட ஜாதியினருக்கும் பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்த பிறருக்கும், 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி தாலுகா சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் தரும். பழையவர் தம் சம்மதத்தை எழுதித் தந்தால் காரியம் சுலபம். மறுத்தால் காரணத்தைக் கூறிப் புதியவர் கோர்ட்டில் மனுச் செய்து அனுமதி பெறலாம். பீஸ் பாக்கிக்காகக் கட்டை வைத்துக்கொள்ளும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துவிட்டது. பாக்கியைத் தனியே வசூலிக்க அவருக்கு வழியுண்டு. நியாயமான பாக்கியைக் கொடுத்துவிடுவதே மரியாதை. சாட்சி விசாரணைக்கு முந்தின நாளில் மாற்றுவது அபாயம். விசாரணையில் ஒரு கட்சிக்குச் சாதாரணமாக 3 வாயிதாக்களுக்கு மேல் கிடையா.

எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிட்டால், அதை நீக்கக் கோரும் மனுவுக்குக் கெடு 30 நாள். வக்கீல் ஆஜராகாமையால் அலகாபாத் ஹைக்கோர்ட்டில் ஒருவருடைய அப்பீல் அவர் பக்கம் கேளாமலே முடிக்கப்பட்டபோது, வக்கீலின் குற்றத்துக்காகக் குற்றமற்ற கட்சிக்காரர் கஷ்டப்படலாகாது என்று 1981இல் சுப்ரீம் கோர்ட்டு அதனை மறுபடி விசாரணைக்கு எடுக்கச் செய்தது. அதை நம்பிச் சும்மா இருந்தவர்களுக்கும் அதே தயவு கிடைத்ததென்று சொல்ல முடியாது; பிற்காலத் தீர்ப்புகள் பலவற்றில் கட்சிக்காரர் தாமும் விசாரித்துக்கொண்டிருந்தாரா என்று கோர்ட்டுகள் கேட்டிருக்கின்றன. வக்கீலின் நடத்தையைப் பற்றி 1961ஆம் வருஷத்து அட்வகேட்ஸ் சட்டப்படி மாகாண பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். அது அவரைத் தண்டிக்குமேயொழிய டிக்ரியை மாற்றாது, 30 நாட் கெடுவையும் நிறுத்தாது. ஆதலால் கோர்ட்டு மனுவை முதலில் கொடுத்துவிட்டு, புகாரைப் பின்னர் எழுதுக.