கம்ப்யூட்டர் வேலைக்குச் சேருகிறீர்களா? கணக்கு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்

திருநெல்வேலி தச்சநல்லூரில் ஒரு மொத்தக் கடைக்கோ ஆடிட்டர் அலுவலகத்துக்கோ வேலை கேட்டுப் போனால், "டேலி தெரியுமா?" என்பார்கள். தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அடித்த பில் எங்கே தங்குகிறது, எதனால் அழியும் என்று தெரிந்தவரைத்தான் கடை நம்பும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் பகுதிக்குள் வந்தது. நனைந்த கம்ப்யூட்டருக்குப் பதில் வேறு வாங்கிவிடலாம், உள்ளே இருந்த கணக்கை எங்கே வாங்குவது?

ரேம்: கரண்ட் இருக்கும்வரைதான்

திறந்திருக்கும் ஃபைல் ரேமில் இருக்கிறது. பிராசஸர் அதை வைத்தே கூட்டிக் கழிக்கிறது. கரண்ட் போனதும் ரேம் காலி. அதனால் எக்செல், வேர்டு வேலையில் கன்ட்ரோல் எஸ் கைப்பழக்கமாகட்டும். யூபிஎஸ் தரும் சில நிமிடங்களில் சேவ் செய்து, முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். எழுதும்போதே மிஷின் அணைந்தால் ஃபைல் கெடக்கூடும்.

டிஸ்க்: தங்கும், ஆனால் நிரந்தரமில்லை

ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டின்மேல் காந்தப் பதிவாகத் தகவல் இருக்கிறது. கீழே விழுந்தால் போச்சு. எஸ்எஸ்டியில் அது மின்னூட்டமாக இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கரண்ட் காட்டாமல் அலமாரியில் போட்டால் அந்த மின்னூட்டம் கசியும். இரண்டுமே சொல்லாமல் கொள்ளாமல் பழுதாகும்.

பேக்கப்: 3-2-1

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். அதே மேசை டிராயரில் கிடக்கும் பென்டிரைவ் வெளியூர்ப் பிரதி ஆகாது. தூத்துக்குடி கிளையில் இருக்கிறதே என்றும் நினைக்காதீர்கள். அதே டிசம்பர் மழையில் அந்த மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டமும் சேர்ந்தே மூழ்கின. ஒரு பிரதி கிளவுடில் இருக்கட்டும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றுங்கள். செருகியே வைத்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறு மிஷினில் ரீஸ்டோர் செய்து, திறக்கிறதா என்று பாருங்கள்.

எத்தனை காலம் வைக்க வேண்டும்?

ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகளுக்கு 8 நிதியாண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிக் கணக்கில் யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற பதிவை மென்பொருளே வைத்திருக்க வேண்டும், அதை அணைக்கவும் கூடாது. இடம் போதவில்லை என்று பழைய ஆண்டுகளை நீங்களாக அழித்துவிடாதீர்கள். வாடிக்கையாளரின் ஆதார் ஸ்கேன் கதை வேறு. வேலை முடிந்து, வைத்திருக்கத் தேவையில்லாவிட்டால் டெஸ்க்டாப்பில் விடாமல் நீக்கிவிடுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேளுங்கள்: "கடைசி பேக்கப் என்றைக்கு எடுத்தது?" யாருக்கும் பதில் தெரியவில்லையா? முதலாளியிடம் சொல்லி அந்தப் பொறுப்பை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே முதல் பிரதியை எடுத்துவிடுங்கள்.