வயல் மண்ணின் தாதுப் பொருள்கள்: உண்டாகும் விதமும் அறியும் முறையும்

தஞ்சை நாட்டில் அறுவடை முடிந்து, வாய்க்கால்கள் வற்றி, பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் சில வயல்களின் மேல் வெண்மையான பொருள் பூத்து நிற்பதைக் காணலாம். கண்டவுடன் “உப்பு பூத்துவிட்டது” என்று சொல்லி, ஜிப்சம் மூட்டைகளை வாங்கி இறைப்போர் உண்டு. ஆனால் வெண்மையாகத் தோன்றுவன யாவும் ஒரே பொருளல்ல. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு வீண் செலவாகும். ஆகையால் பணம் செலவிடுமுன் அப்பொருள் இன்னதென்று அறிந்துகொள்வது அவசியம்.

பாறை மண்ணாகும் விதம்

காவேரி குடகு நாட்டில் தலைக்காவேரியில் தோன்றி, கருங்கற் பாறைகள் நிறைந்த பெரும் நிலப்பரப்பின் வழியாக ஓடிவருகிறது. அப்பாறைகளில் முக்கியமாக மூன்று தாதுக்கள் கலந்துள்ளன. அவை வெங்கச்சங்கல், பெல்ஸ்பார், அப்பிரகம் என்பன. மழைநீர், ஆகாயத்திலிருந்தும் மக்கும் தழைகளிலிருந்தும் கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு பாறையின் வெடிப்புகளில் இறங்குகிறது. அந்நீரால் பெல்ஸ்பார் நாளடைவில் சிதைந்து களிமண்ணாகிறது. அதிலிருந்த சுண்ணாம்பும் சோடியமும் நீரில் கரைந்து செல்கின்றன. வெங்கச்சங்கல்லோ சிதையாமல் மணலாக எஞ்சுகிறது. வெள்ளம் வேகமாக ஓடுமிடத்தில் மணலும், வேகம் தணியுமிடத்தில் வண்டலும் படிகின்றன. டெல்டாவின் நிலம் இவ்வாறு அமைந்ததே.

நீர் வற்றி உண்டாகும் தாதுக்கள்

நீரில் கரைந்து சென்றவை மீண்டும் கட்டியாகும் விதத்தை வேதாரணியத்து உப்பளங்களில் கண்கூடாகக் காணலாம். கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும், அடுத்து ஜிப்சமும் படிகின்றன. நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகே சாப்பாட்டு உப்பு விளைகிறது.

வயலிலும் இவ்வாறே நிகழ்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அடிமண்ணின் நீர் மேலேறி வெயிலில் ஆவியாகிறது. அதில் கரைந்திருந்தவை மண்ணில் தங்குகின்றன. எளிதில் கரையாத சுண்ணாம்பு முதலில் பிரிந்து, அடிமண்ணில் சுக்கான் கல்லாக உறைகிறது. நீரில் சோடியம் மிகுந்திருப்பின், சுண்ணாம்பு நீங்கியபின் எஞ்சுவது சோடா உப்பாகும். கிணறு வெட்டுகையில் சுக்கான் கல் மிகுதியாக அகப்படும் இடத்தில் மேல்மண்ணையும் சோதித்துப் பார்ப்பது நன்று. ஆற்றுநீர் குறைந்த காலத்தில் சோடியம் மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரையே தொடர்ந்து பாய்ச்சும் நிலமும் இக்கேட்டுக்கு உள்ளாகும்.

கட்டியாகக் கிடைப்பவற்றை அறிதல்

வெங்கச்சங்கல்லின் தூய வகை பளிங்கு. தஞ்சைக்கு அருகிலுள்ள வல்லத்தில் அகப்பட்ட பளிங்குக் கற்களைத் தேய்த்து முற்காலத்தில் மூக்குக்கண்ணாடி செய்தனர். இக்கல் கண்ணாடியைக் கீறும். இரும்பாணி இதைக் கீறாது.

சுக்கான் கல்லை நகத்தால் கீற முடியாது, இரும்பாணியால் கீறலாம். அதைப் பொடித்து எலுமிச்சம்பழச் சாற்றை விட்டால் நுரைக்கும்.

ஜிப்சத்தை நகத்தாலேயே கீறிவிடலாம். சாறு விட்டால் நுரைக்காது. ஒரு துண்டை இரும்புக் கரண்டியிலிட்டுத் தணலில் காய்ச்சினால் அதனுள் அடங்கிய நீர் ஆவியாக வெளிப்பட்டு, கல் வெளிறிப் பொடியாகும். திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே ஊட்டத்தூர் முதலிய இடங்களில், பழங்காலத்தில் கடலடியாயிருந்த களிமண் படிவுகளில் இது நரம்பு நரம்பாக ஓடுகிறது.

கடையில் வாங்கும் ஜிப்சப் பொடியையும் இவ்வண்ணமே சோதிக்கலாம். சாறு பட்டவுடன் மிகுதியாக நுரைப்பின் அதில் சுண்ணாம்புக்கல் கலந்துள்ளது. களர் நிலத்தில் சுண்ணாம்புக்கல் கரையாது. அதற்குக் கொடுத்த பணம் வீணே.

உவரும் களரும்

சாப்பாட்டு உப்பு மிகுந்த நிலம் உவர். சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்ட நிலம் களர். வண்ணார் துணி வெளுக்க எடுத்துவந்த மண் சோடா உப்பு மிகுந்தது. களரில் சில வேளை மக்கிய பொருள் கரைந்து மேலே கருமை படர்வதும் உண்டு. ஆகையால் நிறத்தை மட்டும் நம்பலாகாது. பின்வரும் இரு சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். இரண்டிற்கும் மழைநீரையே பயன்படுத்த வேண்டும். கிணற்று நீரில் சுண்ணாம்பும் உப்பும் இருக்கக்கூடும்.

முதலாவது: ஒரு கைப்பிடி மண்ணைக் கண்ணாடிப் பாத்திரத்தில் நீர்விட்டு நன்றாகக் குலுக்கி, ஓரிரவு அசையாமல் வைக்க வேண்டும். உவர் மண்ணாயின் நீர் தெளிந்துவிடும். களர் மண்ணாயின் மறுநாளும் கலங்கியே நிற்கும். அக்கலங்கல் நீரில் சிறிது ஜிப்சத்தைக் கலக்கினால் களிமண் திரண்டு அடியில் படியும். ஜிப்சம் வேலை செய்யும் விதமும் இதுவே: அதன் சுண்ணாம்பு, களிமண்ணிலிருந்து சோடியத்தை வெளியேற்றுகிறது.

இரண்டாவது: மஞ்சள் தோய்த்து உலர்த்திய வெள்ளைத் துணியை மண் ஊறிய நீரில் நனைக்க வேண்டும். ஆரத்தி நீர் சிவப்பதுபோல் துணி நன்கு சிவந்தால் சோடா உண்டென்று அறியலாம். சவர்க்காரம் பட்ட கையால் தொட்டாலும் துணி சிவக்குமாதலால் கையை நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும்.

பரிகாரம்

உவர் நிலத்துக்கு முதல் மருந்து நல்ல நீரும் வடிகாலுமே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையால் நாகப்பட்டினம் கரையோர வயல்களில் கடல்நீர் புகுந்தது. அத்தகைய வயல்களில் கரை கட்டி, மழைநீரைத் தேக்கி, கலக்கி, மீண்டும் மீண்டும் வடிப்பதே உப்பைக் கழுவும் வழியாகும்.

களர் நிலத்தில் வெறும் நீர் தேக்கிப் பயனில்லை. நீர் கீழே இறங்காது. அளவறிந்து ஜிப்சமிட்டு, நீர் தேக்கி உழுது, பின்னர் வடித்துவிட வேண்டும். அதன்பின் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மண் இளகும். வடிகால் இல்லையேல் வெளியேறிய சோடியம் வயலிலேயே தங்கி, இட்ட ஜிப்சமும் பலனற்றுப் போகும்.

வீட்டுச் சோதனைகள் நிலத்தின் வகையைக் குறிப்பாக உணர்த்துவன; ஜிப்சத்தின் அளவைக் கூறமாட்டா. வயலின் பல இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கார அமில நிலை 8.5க்கு மேற்பட்டால் களரென ஐயுற வேண்டும். மின்கடத்தும் திறன் 4 என்னும் அளவைக் கடந்தால் உவர் எனக் கொள்ளப்படும். இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

வடிகால் ஒருவர் வயலோடு முடிவதன்று. மேல்வயலார் வடிக்கும் உப்பு நீர் கீழ்வயலில் தேங்கினால் ஒருவர் நோய் மற்றவர்க்கு மாறுமேயன்றித் தீராது. ஆகவே கிராம அதிகாரிகள் கோடையிலேயே வெண்மை பூத்த வயல்களைக் குறித்துவைத்து, நிலமுடையோரைக் கூட்டி, பொது வடிகால்களைத் தூர்வாரச் செய்வார்களாயின், அவரவர் இடும் மருந்து அவரவர் வயலில் பலனளிக்கும்.