ஐப்பசி மழை: பாயைத் தரையிலிருந்து எடுங்கள், தவளைக்கு வழிவிடுங்கள்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள் இருப்பதெல்லாம் மேலே வரும். பாம்புகள் சொந்தமாக வளை தோண்டுவதில்லை. எலி வளை, கரையான் புற்று, வேர்ப்பொந்து என்று கிடைத்த இடத்தில் குடியிருக்கின்றன. அங்கே தண்ணீர் ஏறியதும் மேடு பார்த்து நகர்கின்றன. நம் ஊர்களில் மேடாகவும் காய்ந்தும் இருப்பது வீடும் மாட்டுக்கொட்டகையும்தான். அதே நாட்களில் தவளைகள் முட்டையிட வெளியே வருகின்றன. அவற்றைத் தின்னும் பாம்புகளும் பின்னாலேயே வருகின்றன. கார்த்திகை கழியும் வரை கொஞ்சம் கவனமாக இருந்தால் நம் வீட்டிலும் சாவு விழாது, அவையும் பிழைத்துக்கொள்ளும்.

முதல் வேலை படுக்கை. இன்றிரவே யாரும் வெறுந்தரையில் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டில் இருந்தால் கட்டிலில் படுங்கள். இல்லையென்றால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் இறுகச் செருகுங்கள். கொசுவுக்காக வாங்கிய வலைதான் கட்டுவிரியனையும் தடுக்கிறது. சில ஊர்களில் எட்டடி விரியன் என்று சொல்லும் இந்தப் பாம்பு பகலெல்லாம் சுருண்டு கிடந்து இரவில்தான் இரை தேடும். தரையில் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரளும்போது கை கால் அதன்மேல் பட்டால் கடித்துவிடும். பல்லோ மெல்லியது, வலி பெரிதாக இருக்காது, வீக்கமும் இருக்காது. எறும்பு கடித்தது என்று நினைத்துத் திரும்பிப் படுப்பவர்கள் உண்டு. விடியற்காலையில் காரணம் தெரியாமல் வயிறு வலித்து, வாந்தி வந்து, கண் இமையைத் தூக்க முடியாமல் போனால் கடிவாய் எங்கே என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். அடுத்து மூச்சுத் தசைகள் செயலிழக்கும். செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள்.

கட்டுவிரியன் என்று நினைத்து வீடுகளில் அதிகம் அடித்துக் கொல்லப்படுவது வெள்ளிக்கோல் வரையன். பல்லி தின்ன வரும் இந்தச் சின்னப் பாம்புக்கு மனிதரைக் கொல்லும் விஷம் கிடையாது. சுவரில் சுலபமாக ஏறும். இதன் பட்டைகள் கழுத்துப் பக்கம் அகலமாகத் தொடங்கி, வால் பக்கம் போகப்போக மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு: தலைப் பக்கம் வெறும் கருப்பாக இருக்கும், கொஞ்சம் தள்ளித்தான் மெல்லிய வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாகத் தொடங்கி வால்வரை தெளிவாக ஓடும். இந்த வித்தியாசத்தைத் தள்ளி நின்று பார்க்கத்தான் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் கதவைச் சாத்திவிட்டு, தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள்.

சுவரை ஒட்டி அடுக்கிய விறகையும் செங்கல்லையும் மழை வலுக்கும் முன் வாசலை விட்டுத் தள்ளி வையுங்கள். குளியலறைத் தண்ணீர் போகும் துளைக்குக் கம்பிவலை அடியுங்கள். நெல்லும் தவிடும் சிந்திக் கிடந்தால் எலி வரும். எலி வந்தால் சாரையும் நாகமும் வரும். வெள்ளைப்பூண்டு, உப்பு, பினாயில் எதற்கும் பாம்பு பயப்படாது. கார்பாலிக் ஆசிட் தெளிப்பது குழந்தைகளுக்கும் கால்நடைக்கும்தான் ஆபத்து, அதை விட்டுவிடுங்கள்.

வயலில் கவனிக்க வேண்டியது கண்ணாடி விரியன். மிரண்டு ஓடும் பழக்கம் இதற்குக் குறைவு. வரப்பில் சுருண்டு கிடந்தபடியே உஸ்ஸென்று சீறும்; அந்தச் சத்தம் கேட்டால் நின்ற இடத்திலிருந்து மெல்லப் பின்வாங்குங்கள். களையெடுக்கப் போகிறவர்களுக்கு முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுப்பதை நிலத்துக்காரர்கள் செலவாக நினைக்கக் கூடாது. இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் வரப்பில் நடக்காதீர்கள். வைக்கோல் போரில் கை விடுவதற்கு முன் கம்பால் தட்டுங்கள். அதிர்வு பட்டால் பாம்பு பெரும்பாலும் தானே விலகும்.

இனி தவளைகள். இவற்றைப் பற்றி யாரும் எச்சரிக்கை விடுவதில்லை, அதனாலேயே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கனமழை பெய்த இரவுக்கு மறுநாள் காலையில் தேங்கிய வயல் தண்ணீரைப் போய்ப் பாருங்கள். வழக்கமாகப் பச்சையும் பழுப்புமாக இருக்கும் பெருந்தவளையின் ஆண், பளீரென்ற மஞ்சளுக்கு மாறி, கழுத்தின் இருபுறமும் நீலப் பைகள் உப்பக் கத்திக்கொண்டிருக்கும். இந்த நிறம் இனப்பெருக்க நாட்களுக்கு மட்டும்தான். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்து, பெருமழைக்கு மட்டும் வெளியே வரும் குண்டுத் தவளைகளும் உண்டு. கரையானும் எறும்பும்தான் அவற்றின் சாப்பாடு. இவற்றுக்கெல்லாம் முட்டையிட ஆழமில்லாத மழைத்தண்ணீர் தேவை, அது சில வாரங்கள் வற்றாமல் நிற்கவும் வேண்டும். தோட்டத்து மூலையில் அப்படி ஒரு பள்ளம் இருந்தால் மண் கொட்டி மூடாதீர்கள். டெங்குக் கொசு வளர்வது டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் பூந்தொட்டித் தட்டிலும் மூடாத தொட்டியிலும். அவற்றைத்தான் வாரம் தவறாமல் கொட்டிக் கவிழ்க்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் சோப்பு நுரைபோல வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். அது மரத்தவளையின் கூடு. பெண் தவளை தன் உடலில் சுரக்கும் நீரைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி அதற்குள் முட்டையிடுகிறது. சில நாட்களில் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். குடிக்கும் தண்ணீர் என்றால், நுரைக்கு நேர்கீழே ஒரு வாளியைக் கட்டித் தொங்கவிட்டு, விழுந்தவற்றைக் குளத்தில் கொண்டுபோய் விடுங்கள்.

தவளை தோல் வழியாகவும் மூச்சு விடும், தண்ணீரையும் தோல் வழியாகவே உறிஞ்சும். வயலில் தெளிக்கும் மருந்து நேரே உடலுக்குள் போய்விடும். அதனால் தவளை கத்தும் வாரங்களில் பூச்சிமருந்தைத் தள்ளிப்போடுங்கள். தெளித்தே ஆகவேண்டும் என்றால் வாய்க்கால், குட்டை ஓரங்களை விட்டுவிடுங்கள். ஒரு காலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குடன் போய்த் தவளைகளைச் சாக்குச் சாக்காகப் பிடித்து, காலை மட்டும் வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். 1987இல் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்று அந்த வேலையை மருந்தும் மண் லாரியும் செய்கின்றன.

ஏரிக்கரைச் சாலைகளில் மழை இரவுகளில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் ஒரு நீளத் தென்னை மட்டையைச் சாய்த்துப் போடுங்கள். விழுந்த தவளையும் உடும்பும் ஏறி வர அது போதும். வேலியில் கட்டிய நைலான் வலையைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக் கட்டுங்கள். அதில் சிக்கிச் சாகும் சாரைப்பாம்புகள்தான் உங்கள் நெல்லைத் தின்னும் எலியைப் பிடிப்பவை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைக் கொல்வது குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். விஷமுறிவு மருந்தே பாம்பின் நஞ்சிலிருந்துதான் வருகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், உரிமத்தோடு பாம்பு பிடித்து, நஞ்செடுத்து, சில வாரங்களில் திரும்ப விட்டுவிடுகிறார்கள். மருந்து நிறுவனங்கள் அந்த நஞ்சைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி மருந்து தயாரிக்கின்றன. இருளர் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். நேரத்தோடு மருந்து கிடைத்திருந்தால் இதில் ஏராளமானோர் பிழைத்திருப்பார்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் தகவல் தெரிவித்தாக வேண்டும்.

கடித்துவிட்டால் மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசையாமல் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கயிற்றால் இறுக்கவோ, கீறவோ, வாயால் உறிஞ்சவோ வேண்டாம். பாம்பை அடித்து எடுத்துப் போகவும் தேவையில்லை. நம் ஊர்ச் சமவெளியில் உயிர் குடிக்கும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அரசு மருத்துவமனையில் அது இலவசம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இரவிலும் அந்த மருந்தும் டாக்டரும் இருக்கிறார்கள் என்று இந்த வாரமே விசாரித்து, 108 எண்ணோடு சேர்த்து வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.