சீல் இருக்கிறது, சரக்கு எது?

2019 மே 28. மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ யின் கொள்கலன்களைத் திறந்து காட்டினார். பிரிட்டனிலிருந்து கேபிள், ஆஸ்திரேலியாவிலிருந்து அழுக்கேறிய பால் பெட்டிகள், வங்காளதேசத்திலிருந்து சிடி தட்டுகள். எல்லாம் குப்பை, ஆவணத்தில் எழுதியிருந்ததோ வேறு. 60 கொள்கலன்கள், 3,000 டன். திருப்பி அனுப்பப்படும் என்றார்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் மென்பொருள் எழுதுகிறவரும் அன்றாடம் கொள்கலன் இறக்குமதி செய்பவர்தான். மென்பொருளைக் கொள்கலன்களில் அடைக்கும் 'டாக்கர்' கருவிக்கு அடித்தளமான பேஸ் இமேஜ் ஒன்றை இழுத்து, அதன்மேல்தான் தன் வேலையைக் கட்டுகிறார். அதைப் பற்றிய நம்பிக்கைகள் சில.

நம்பிக்கை: டேக் ஒன்றுதான், ஆகவே இமேஜும் ஒன்றுதான்.

உண்மை: டேக் வெறும் ஒட்டுச்சீட்டு. வெளியிட்டவர் அதை உரித்து வேறொரு இமேஜில் ஒட்டலாம். உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடும் 'ஷா-256' டைஜெஸ்ட் அப்படியல்ல. ஒரு பிட் மாறினாலும் அது மாறிவிடும்.

நம்பிக்கை: இத்தனை லட்சம் பேர் இறக்கியது கெட்டதாக இருக்குமா?

உண்மை: 2018இல் இமேஜ்களின் பொதுக் கிடங்கான டாக்கர் ஹப்பிலிருந்து ஒரே கணக்கின் 17 இமேஜ்கள் நீக்கப்பட்டன. உள்ளே கள்ளத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல். அவற்றை 50 லட்சம் முறைக்கு மேல் இழுத்திருந்தார்கள்.

நம்பிக்கை: கையொப்பம் சரியென்றால் கவலையில்லை.

உண்மை: இதுதான் பெரிய ஏமாற்று. 'எக்ஸ்இசட்' என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் 2024 மார்ச்சில் அம்பலமான பின்கதவை நுழைத்தவர் அத்திட்டத்தின் பராமரிப்பாளரே. 5.6.0, 5.6.1 பதிப்புகளின் பொதிகளை முறைப்படி வெளியிட்டவரும் அவரே. ஆனால் பொதிக்குள் இருந்த ஒரு கோப்பு, பொதுவில் எல்லாரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. சீல் உடையவில்லை, சீல் வைத்த கையே கள்ளக் கை. அந்த நாள்களில் உருவான, டெபியன் என்ற லினக்ஸ் வகையின் இமேஜ்கள் சில, பின்கதவோடு 2025 ஆகஸ்டிலும் டாக்கர் ஹப்பில் கிடந்தன.

நம்பிக்கை: இமேஜைக் கட்டும் செய்முறைக் கோப்பான டாக்கர்ஃபைல் கையில் இருக்கிறது, எப்போது கட்டினாலும் அதே இமேஜ் வரும்.

உண்மை: வராது. இன்று இறங்கும் பொதியின் பதிப்பு நாளை வேறு. கோப்புகளில் பதியும் நேரமும் வேறு. தேதியைப் பூட்டி, டெபியனின் பழைய பொதிகளைக் காக்கும் ஸ்னாப்ஷாட் களஞ்சியத்திலிருந்து எடுத்தால், இரண்டு பேர் தனித்தனியே கட்டியும் ஒரே டைஜெஸ்ட் வரச் செய்யலாம். 'டெபுவெரியோடைப்' என்ற கருவி இதற்காகவே எழுதப்பட்டது. வாயில் நுழையாத பெயர், உருப்படியான வேலை.

இன்று உங்கள் டாக்கர்ஃபைலில் பேஸ் இமேஜைக் குறிக்கும் 'ஃப்ரம்' வரியைத் திறந்து பாருங்கள். அதில் 'லேட்டஸ்ட்' என்று மட்டும் இருந்தால், எந்தச் சரக்கை இறக்கினீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது.