கோலாலம்பூருக்குத் தனியாக வருகிறாயா? துப்பட்டாவை எடுத்து வை

மலேசியாவுக்குத் தனியாகக் கிளம்பும் தங்கச்சிகள் என்னிடம் முதலில் கேட்பது, "பிரிக்பீல்ட்ஸ்ல தங்கலாமாக்கா?" என்றுதான். தாராளமாகத் தங்கு. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. இட்லியும் மல்லிகைப்பூவும் கிடைக்கும். ஆனால் நாள் முழுக்க அங்கேயே சுற்றுவதற்கு தி.நகரே போதுமே! பிரிக்பீல்ட்ஸின் லிட்டில் இந்தியாவை 2010 அக்டோபரில் திறந்துவைத்தவரே ஒரு சர்தார்ஜி, மன்மோகன் சிங். அதனால் ஒரு வேளைச் சாப்பாட்டையாவது சீக்கியர் கோயிலான குருத்வாராவில் வைத்துக்கொள்.

நியூ சென்ட்ரல் மால் வழியாக நடந்து மோனோரயில் பிடி. சௌகிட்டில் இறங்கினால் ஜாலான் ராஜா ஆலாங்கில் தத் கால்சா திவான் குருத்வாரா. டச் அண்ட் கோ பயண அட்டை ஒன்று வாங்கிவிட்டால் சில்லறைத் தொல்லை இல்லை. சௌகிட்டுக்குப் பகலில் போ. பையைச் சாலைப் பக்கம் தொங்கவிடாதே. மோட்டாரில் வந்து பறிப்பவர்கள் உண்டு. ஞாயிறு காலை என்றால் குடும்பம் குடும்பமாக வருவார்கள், தனியாக வந்த நினைப்பே இருக்காது.

வாசலில் செருப்பைக் கழற்று, கை கழுவு, தலையை மூடு. அங்கேயே துணி வைத்திருப்பார்கள். உன் துப்பட்டா என்றால் நழுவாது, சேலையில் போனால் முந்தானை போதும். சிகரெட், மது வாடையோடு உள்ளே போகக் கூடாது. புனித நூலான குரு கிரந்த் சாஹிப் இருக்கும் பக்கம் கால் நீட்டாமல் சம்மணம் போட்டு உட்கார். பிரசாதத்துக்கு இரண்டு கையையும் சேர்த்து ஏந்து. கோதுமை மாவு, சர்க்கரை, நெய் என்று சூடாக வரும். விரல் இடுக்கெல்லாம் நெய் வழியும். கைக்குட்டை வைத்துக்கொள், துப்பட்டாவில் துடைக்காதே!

லங்கர் என்னும் பொதுச் சாப்பாட்டுக்கூடத்தில் பந்தி தரையில்தான். பணக்காரர், ஏழை, எந்த மதம் என்று பார்க்காமல் வரிசையாக உட்காரவைப்பது குரு நானக் காலத்து வழக்கம். சாப்பாடு முழுச் சைவம். சப்பாத்தி போட வருகிறவரிடமிருந்து வெடுக்கென்று இழுக்காதே. கையை ஏந்து, அவர் வைப்பார். போதும் என்றால் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடு, மிச்சம் வைக்காதே. பில் கிடையாது, அதற்காக ஓசிச் சோறு என்றும் நினைக்காதே. உண்டியலில் நாலு ரிங்கிட் போடு, இல்லையென்றால் சமையல்கட்டுக்குப் போய், "ஏதாவது செய்யட்டுமா ஆன்ட்டி?" என்று கேள். மாவு உருட்டவோ தட்டு கழுவவோ இடம் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் ஊர்க்கதை கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. தாத்தா போலீஸில் இருந்தார் என்று யாராவது சொல்வார்கள். 1873இல் ஆங்கிலேய அதிகாரி கேப்டன் ஸ்பீடி பேராக் மாநிலத்தின் லாருட் சுரங்கப் பகுதிக்குக் காவலுக்காகப் பஞ்சாபிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்ததில் தொடங்கும் கதை அது. பசார் செனி பக்கம் ஜாலான் பாலாய் போலீஸில் உள்ள குருத்வாராவும் போலீஸ்காரச் சீக்கியர்களுக்காக எழுந்ததுதான்.

படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடு. ஏதாவது ஒரு குருத்வாராவில் இரவு தங்க நினைத்தால் மூட்டையோடு போய் நிற்காதே. கமிட்டியிடம் முதலிலேயே பேசு. எல்லா இடத்திலும் அறை இருக்காது.

பக்கத்து ஊரான கிள்ளானுக்கும் போகலாம், கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில். நடுவில் பெண்கள் பெட்டி இருக்கும். அங்கேயும் குருத்வாரா உண்டு. ஜாலான் தெங்கு கிளானாவில் சேலைக்கடை பார்க்கிற சாக்கில் அதைக் கோட்டை விட்டுவிடாதே.

தேதி உன் கையில் என்றால் ஏப்ரல் நடுவில் வா. நம் வருஷப்பிறப்பும் சீக்கியர்களின் வைசாகித் திருநாளும் ஒட்டியே வரும். காலையில் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில், பிறகு குருத்வாரா. அன்றைக்கு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்குக் காசு கட்டாதே.