வண்டிக்கடையை வளர்க்கப் பணம் வேண்டுமா? படிப்படியாகக் கடன் வாங்குங்கள்

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைச் சுற்றிச் சனி, ஞாயிறில்தான் கூட்டம். ஆனால் வண்டியில் கம்பங்கூழ், கேழ்வரகு அடை, சுண்டல் விற்கும் உங்களுக்குச் செலவு ஏழு நாளும் உண்டு. அதிலும் இயற்கை முறையில் விளைந்த தானியம், மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி என்று போனால், கொள்முதலுக்கு முன்கூட்டியே கூடுதல் பணம் வேண்டும். ‘யார்கிட்ட கேட்கிறது?’ என்பதுதான் கேள்வி.

தண்டல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டுகிறீர்கள். ‘ஆயிரத்து ஐந்நூறு தானே’ என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு வட்டியாகப் பார்த்தால் இது 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. மழை நாளில் கடை போடாவிட்டாலும் தவணை நிற்காது.

முதல் படி: அடையாளம்

2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, விற்பனைச் சான்றிதழ் பெற உங்களுக்கு வழி உண்டு. செங்கல்பட்டானாலும் மாமல்லபுரமானாலும், உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். சான்றிதழோ அடையாள அட்டையோ இன்னும் கைக்கு வரவில்லையா? பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். கூடவே, உணவு பாதுகாப்புத் துறையிலும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கொள்முதலுக்கு ஸ்வநிதி

2020 ஜூனில் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் அடமானம் தேவையில்லை. 2025-இல் மாற்றியமைக்கப்பட்ட பிறகு முதல் கடன் 15,000 ரூபாய் வரை, இரண்டாவது 25,000 வரை, மூன்றாவது 50,000 வரை. ஒன்றை ஒழுங்காகக் கட்டினால்தான் அடுத்தது.

15,000 ரூபாயை 12 மாதத் தவணையில், 12 சதவீத வட்டியில் வாங்கினால் மொத்த வட்டி ஏறக்குறைய 1,000 ரூபாய். தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமாக 580 ரூபாய் போல உங்கள் வங்கிக் கணக்குக்கே திரும்பும். இந்தப் பணத்தைத் தானியம், எண்ணெய் வாங்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுக்கு எடுத்தால் தவணை கட்ட மறுபடி தண்டலுக்குப் போக வேண்டிவரும்.

மூன்றாம் படி: வண்டி, கருவி, பாக்கெட்

புது வண்டி, மாவு அரைக்கும் இயந்திரம் போன்றவற்றுக்கு முத்ரா கடன் பொருந்தும். ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை, ‘கிஷோர்’ பிரிவில் 5 லட்சம் வரை. மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் சகோதரிகள் குழுவின் வங்கிக் கடனையும் கேட்டுப் பார்க்கலாம்.

சத்துமாவு, அடை மாவு என்று பாக்கெட் போட்டு விற்க நினைக்கிறீர்களா? உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. குறைந்தது 10 சதவீதம் உங்கள் பங்காக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் நடப்பு விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

போர்டில் ‘ஆர்கானிக்’ என்று எழுதும் முன்

2017-ஆம் ஆண்டு உணவு பாதுகாப்பு விதிகளின்படி, ஒரு பொருளை ஆர்கானிக் என்று சொல்லி விற்க அதற்கு அங்கீகரிக்கப்பட்ட சான்று வேண்டும். எனவே பொருள் தரும் விவசாயியிடமோ கடையிலோ சான்று நகலும் ரசீதும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சான்று இல்லையென்றால் உள்ளதை உள்ளபடி எழுதலாம்: ‘செங்கல்பட்டு சிறுமணி அரிசிக் கஞ்சி’, ‘மரச்செக்கு எண்ணெயில் செய்தது’. அதற்கும் வாடிக்கையாளர் வருவார்.

வங்கிக்குப் போகும் முன்

• மூன்று மாத வரவு செலவை ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். வார நாள், வார இறுதி என்று தனித்தனியாக எழுதுங்கள்.
• க்யூ.ஆர். அட்டையில் பணம் வாங்குங்கள். உங்கள் விற்பனைக்கு அதுவே சாட்சி.
• ஆதாரில் கைப்பேசி எண் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.
• தவணை எவ்வளவு தாங்கும் என்பதைக் கூட்டம் இல்லாத வாரத்தின் லாபத்தை வைத்துக் கணக்கிடுங்கள், சீசன் வாரத்தை வைத்து அல்ல.
• கடன் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவரிடம் பணமோ ஓ.டி.பி. எண்ணோ கொடுக்காதீர்கள்.

15,000 ரூபாய் சின்னத் தொகையாகத் தெரியலாம். அதைத் தவறாமல் கட்டிய பதிவுதான் அடுத்த கடனுக்கு உங்கள் ஜாமீன்.