தடைக்காலத்தில் படகின் அடிப்புறப் பூச்சு

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் இருக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்பட்டது என்றாலும், விசைப்படகுகளைக் கரையேற்றி அடிப்புறத்தைச் செப்பனிட ஆண்டில் கிடைக்கும் நீண்ட அவகாசமும் அதுவே. கண்ணுக்குத் தெரியும் மேற்புற வண்ணத்துக்கே பணமும் நாளும் முதலில் செலவாகிவிட, நீருக்குள் மூழ்கியிருக்கும் அடிப்புறம் கடைசி வாரத்து அவசர வேலையாகிவிடுவது பெரும்பிழை.

படகு கரையேறிய அன்றே, ஈரம் காய்வதற்கு முன், கொட்டலசுகளையும் பாசியையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அடுத்து, அடிப்புறம் முழுவதையும் நன்னீரால் கழுவ வேண்டும். பூச்சுக்கு அடியில் சிறிதளவு உப்பு சிக்கிக்கொண்டாலும், அது படலத்தின் ஊடே நீரை உள்ளிழுத்துக் கொப்புளங்களை எழுப்பும் என்பதால், எவ்வளவு விலையுயர்ந்த பூச்சும் இந்தக் கழுவலுக்கு ஈடாகாது.

மரப்படகுகளில் பலகைகள் உலர்ந்த பின்னரே, இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைக்கும் கலப்பற்று வேலையும் பூச்சும் தொடங்கலாம். கப்பல்புழு எனப்படுவது உண்மையில் புழுவன்று. மரத்தைத் துளைத்து உண்ணும் சிப்பி இனம். அதன் நுண்ணிய இளவுயிரி நுழைவதற்குப் பூச்சில்லாத சிறு கீறலே போதும் என்பதால், முட்டுக்கட்டைகளை இடம் மாற்றிவைத்து, அவை மறைத்திருந்த ஏராக்கட்டையின் பகுதிகளுக்கும் பூச வேண்டும். பலரும் தவறவிடும் இடம் இதுவே.

இரும்புப் படகுகளில் துரு நீக்கிய பரப்பில் அன்றைக்கே முதற்பூச்சு ஏற வேண்டும். காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை பனிநிலை எனப்படும். தகட்டின் வெப்பம் அதைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்கும்போதுதான் பூசலாம். நண்பகலில் தகடு கொதிக்கும்போது பூசினால், மேற்பரப்பு மட்டும் விரைந்து காய்ந்து கரைப்பான் உள்ளே அடைபடும் என்பதால், பனி உலர்ந்த காலைப்பொழுதே ஏற்றது. துருவைத் தடுக்கப் பொருத்தப்படும் துத்தநாகக் கட்டிகள், இரும்புக்கு முன் தாமே கரைந்து அதைக் காப்பவை. அவற்றின் மேல் வண்ணம் பட்டால் அந்தக் காப்பு நின்றுவிடும்.

கொட்டலசு ஒட்டாமல் தடுக்கும் இறுதிப்பூச்சு, பெரும்பாலும் செம்பு ஆக்சைடைச் சிறிது சிறிதாக நீரில் கசியவிட்டுச் செயல்படுகிறது. செம்பு இரும்பை நேரடியாகத் தொட்டால் அரிப்பு பெருகும் என்பதால், இடையில் அரிப்புத்தடுப்புப் பூச்சு கட்டாயம். இறுதிப்பூச்சு பூசியபின் எத்தனை நாளுக்குள் படகை நீரில் இறக்க வேண்டும் என்பது டப்பாவிலேயே குறிக்கப்பட்டிருக்கும்; ஆகவே அதை ஜூன் முதல் வாரத்துக்கு முன் பூசாதிருப்பதே பெரும்பாலும் நல்லது. முன்பு புழங்கிய டிரைபியூட்டைல்டின் கலந்த பூச்சுகள், சிப்பிகளுக்கும் சங்குகளுக்கும் விளைவித்த கேட்டினால், 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையால் விலக்கப்பட்டவை. பழைய இருப்பு கிடைத்தாலும் வாங்கலாகாது.

சுரண்டுவோர் முகக்கவசம் அணிய வேண்டும். உதிரும் பூச்சுத் தூளில் செம்பு இருப்பதால், படகின் அடியில் தார்ப்பாய் விரித்து அதைத் திரட்டி அப்புறப்படுத்த வேண்டும். மீன்கள் முட்டையிடும் இந்த 61 நாளிலாவது அந்தத் தூளை அலையில் தள்ளிவிடாதிருப்பதைப் படகு உரிமையாளர்கள் உறுதிசெய்ய வேண்டும்.